பதினான்கு மாத ஈரம்

ஒரு தவறுக்கு எத்தனை பேர் சொந்தக்காரர்கள்? செய்த கை ஒருவருடையது, சொன்ன வாய் ஒருவருடையது, பார்த்தும் பேசாமலிருந்த கண் இன்னொருவருடையது என்று பிரித்துக்கொண்டே போனால், கடைசியில் தவறு என்று ஒன்று மிஞ்சுமா? ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொண்டு எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாமா? பல்கலைக்கழகத்தின் வானிலைத் துறையில் பொருள்கிடங்கைக் காத்துவந்த சாவியண்ணனுக்கு இந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. ஒரு பெண்ணைப் பதினைந்து வருடம் பக்கத்திலிருந்து பார்த்ததால் வந்தது.

சாவியண்ணனுக்கு நிஜப்பெயர் ஒன்று உண்டு. அது அலுவலகக் கோப்பில் மட்டும் இருந்தது. இடுப்பில் இருபத்தெட்டுச் சாவிகள் கோத்த வளையம் தொங்கும். ஆள் வருமுன் சத்தம் வந்துவிடும். நடைவழியின் கோடியில் அவருடைய கிடங்கு. பஞ்சில் பொதிந்த வெப்பமானிகள், மாவு தடவி மடித்துவைத்த பெரிய ரப்பர் பலூன்கள், முள் நின்றுபோன காற்றழுத்தமானிகள், மூலையில் அவர் டீ போட வைத்திருந்த மின்கெட்டில். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் வேலி போட்ட புல்தரை. அதன் நடுவே நான்கு கால்களில் நிற்கும் வெள்ளை மரக்கூண்டு. கூண்டுக்குள் நான்கு வெப்பமானிகள்.

அந்தக் கூண்டைத் திறந்து மூடுவதற்காகத்தான் அவள் வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. கணவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கடைக்கு மேலே இரண்டு அறைகளில் குடித்தனம். நடக்கத் தொடங்கியிருந்த ஒரு பெண் குழந்தை. தற்காலிக வேலை. காலை எட்டரைக்கு ஒருமுறை, மாலை ஐந்தரைக்கு ஒருமுறை புல்தரைக்குப் போய், வெப்பமானிகளைப் படித்து, மழை பெய்திருந்தால் அளந்து, அண்ணாந்து பார்த்து, வானத்தில் எவ்வளவு பங்கு மேகம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். வானத்தை எட்டுப் பங்காகப் பிரிப்பது அந்தத் தொழிலின் வழக்கம். மேகமே இல்லையென்றால் பூஜ்யம், முழுக்க மூடியிருந்தால் எட்டு.

ஆறே மாதத்தில் அந்த எட்டு அவள் நாக்கில் ஏறிக்கொண்டது. "பஸ்ல கூட்டமா?" என்று கேட்டால் "எட்டுல ஆறு" என்பாள். "சாம்பார்ல உப்பு போதுமா?" என்று கணவன் கேட்டால் "எட்டுல அஞ்சு." அவனும் சும்மா இருக்கவில்லை. "உன்னைக் கட்டிக்கிட்ட அன்னைக்கே எனக்கு எட்டுல எட்டும் மூடிப்போச்சு" என்று துறைக்கே வந்து எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து மாணவர்கள் அவளை எட்டக்கா என்று கூப்பிட்டார்கள்.

அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவரின் பதிவேட்டைப் புரட்டினால் எல்லா எண்களும் பூஜ்யத்திலோ ஐந்திலோ முடியும். அவர் காலத்தில் வெயில் அரை டிகிரி அரை டிகிரியாகவே ஏறி, அரை டிகிரி அரை டிகிரியாகவே இறங்கியிருக்கிறது. எட்டக்காவின் பக்கங்களில் 31.3 உண்டு, 28.7 உண்டு. ஒருநாள் குழந்தை படியில் உருண்டு விழுந்து, மருத்துவமனைக்கு ஓடிவிட்டு, எட்டரை மணிக்கு வரவேண்டியவள் ஒன்பதே காலுக்கு வந்தாள். வந்தவள் பதிவேட்டில் நேரத்தை "9.15" என்றே எழுதினாள்.

"எட்டரைன்னு போட்டா என்ன? யாரு வந்து பாக்கப் போறா?" என்றார் சாவியண்ணன்.

"எட்டரைக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதே அண்ணே."

"ஒரு டிகிரி கொறச்சுப் போடு."

"அது நான் போட்டதா இருக்கும். காத்து போட்டதா இருக்காது."

சாவியண்ணன் சிரித்தார். புதுசு, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார். பதினொரு வருடம் ஆகியும் சரியாகவில்லை.

பதினோராவது வருடத்தில் ஒருநாள் அவள் துறைத் தலைவரின் அறைக்குப் போய், "நான் எழுதுற இந்த எண்ணெல்லாம் எங்க போகுது மேடம்?" என்று கேட்டாள். பேராசிரியர் கோப்பிலிருந்து தலையை எடுக்காமல், "வந்து படிங்க, தெரியும்" என்றார். பாதி விளையாட்டாகச் சொன்னதுதான். அடுத்த வாரம் எட்டக்கா நிரப்பிய விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்கும் இயற்பியலும் நன்றாகவே படித்திருந்தாள். பிறகு கல்யாணம், குழந்தை, கூண்டு. பல்கலைக்கழக ஊழியர்களுக்குப் பட்டப்படிப்பில் வயது வரம்பு இல்லை என்பதை எங்கிருந்தோ தோண்டி எடுத்திருந்தாள். முப்பத்தெட்டு வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் நடுவே, வளிமண்டல அறிவியல் முதலாமாண்டு.

காலையில் கூண்டு, பிறகு வகுப்பு, மாலையில் கூண்டு. வகுப்பில் அவள் நிலைமை விசித்திரமானது. மற்றவர்களுக்கு மேகத்தின் சமன்பாடு தெரியும், மேகத்தைத் தெரியாது. அவளுக்கு மேகத்தைத் தெரியும். சமன்பாடு கண்ணாமூச்சி ஆடியது. காற்று ஏன் நேராக ஓடாமல் வளைந்து ஓடுகிறது என்பதற்கான கணக்கில் முதல்முறை தோற்றாள், இரண்டாம் முறையும் தோற்றாள். தடித்த கண்ணாடி போட்டதால் கண்ணாடி என்றே பெயர் வாங்கிய வகுப்புத்தோழி ஒருத்திதான் அவளைக் கரையேற்றினாள். புல்தரை வேலியோரச் சிமெண்டுப் பெஞ்சில் தினம் ஒரு மணி நேரம். கிடங்கு ஜன்னலில் டீயோடு நிற்கும் சாவியண்ணனுக்கு எல்லாம் காதில் விழும்.

"அக்கா, எத்தனை தடவை சொல்றது? இங்க கழிக்கணும்."

"ஏன் கழிக்கணும்?"

"சூத்திரம் அப்படித்தான் இருக்கு."

"காத்து சூத்திரம் பாத்தா வீசுது? ஏன்னு சொல்லு, கழிக்கிறேன்."

கண்ணாடிக்குப் பதில் தெரியாது. போய்ப் படித்துவிட்டு மறுநாள் வருவாள். அந்த வருடம் கண்ணாடி துறையிலேயே முதல் மதிப்பெண் வாங்கினாள். "இந்த அக்கா கேட்ட கேள்விக்குப் பயந்தே படிச்சேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எட்டக்கா மூன்றாம் முறை தேறினாள். "எப்படி எழுதியிருக்கே?" என்று சாவியண்ணன் கேட்டதற்கு "எட்டுல நாலரை" என்றாள். ஐம்பத்தாறு மதிப்பெண் வந்தது.

நான்காம் ஆண்டில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த வருடம் முன்னறிவிப்பு மையத்திலிருந்து ஆள் எடுக்க வருவதாக இருந்தது. நாற்பத்து மூன்று வயது நிறையாதவர்கள், ஆய்வறிக்கையை முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். எட்டக்காவுக்கு நாற்பத்திரண்டு. இந்த வருடம் விட்டால் விட்டதுதான். அந்த மையத்தில் உட்கார வேண்டும் என்பதை அவள் யாரிடமும் ஆசை என்று சொன்னதில்லை. ஆனால் மையத்தின் நாளறிக்கை துறைக்கு வந்ததும், அன்றைய முன்னறிவிப்பை மறைத்துவைத்துத் தானே ஒன்று எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு ஒப்பிடுவாள். யார் சொன்னது பலித்தது என்று கிடங்குச் சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தார் சாவியண்ணன். மையத்தின் கோடுகள்தான் அதிகம். ஆனால் வித்தியாசம் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது.

அவள் எடுத்த ஆய்வு பேராசிரியரின் பழைய கட்டுரை ஒன்றின் தொடர்ச்சி. இந்த இடத்துக் காற்று வருடத்துக்கு வருடம் காய்ந்துகொண்டே வருகிறது என்று பேராசிரியர் முன்பு எழுதி, அது பேசப்பட்டிருந்தது. ஆதாரம், புல்தரைக் கூண்டின் பதிவேடு. எட்டக்காவே எழுதிய பக்கங்கள்; இப்போது அவை பதினைந்து வருடத்துக்கு நீண்டிருந்தன. காற்றில் எவ்வளவு ஈரம் என்பதை நேராக அளக்க முடியாது. இரண்டு வெப்பமானிகளை அருகருகே மாட்டி, ஒன்றின் குமிழில் மெல்லிய துணியைச் சுற்றி, துணியின் வாலை ஒரு சிறு தண்ணீர்ப் புட்டிக்குள் விடுவார்கள். துணி காயக்காய அந்தக் குமிழ் குளிரும். காற்று வறண்டிருந்தால் அதிகமாகக் குளிரும், ஈரமாக இருந்தால் குறைவாகக் குளிரும். இரண்டுக்குமுள்ள வித்தியாசம்தான் கணக்கு.

பேராசிரியர் மாதச் சராசரிகளை வைத்துக் கோடு போட்டிருந்தார். எட்டக்கா ஒவ்வொரு நாளையும் தனித்தனிப் புள்ளியாகப் போட்டாள். கணினி அறையில் பக்கத்து இருக்கையிலிருந்த கண்ணாடி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, முதல் வருஷம் மட்டும் ரம்பம் மாதிரி இருக்கு?"

ரம்பம்தான். முதல் பதினான்கு மாதங்களில் ஈரம் மெல்ல மெல்ல ஏறி ஏறி, சட்டென்று விழுந்து, மறுபடி ஏறியிருந்தது. பதினான்கு பற்கள். ஒவ்வொரு பல்லும் ஒன்றாம் தேதியில் முறிந்தது.

"வானத்துக்கு ஒண்ணாந்தேதி தெரியுமா?" என்றாள் எட்டக்கா.

"அது எப்படித் தெரியும்? காலண்டர் நம்ம செவுத்துலதானே தொங்குது."

அந்த ஒன்றாம் தேதியை எட்டக்காவுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் மாதா மாதம் ஒன்றாம் தேதி துணியை மாற்றுவாள். அவள் எழுந்து நடைவழியில் நடந்து வந்து கிடங்கு வாசலில் நின்றபோது சாவியண்ணன் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஸ்டோர்ல இன்னொரு ஈரக்குமிழ் வெப்பமானி இருக்கா? ரெண்டு துணியைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். ஒண்ணு குழாய்த் தண்ணி, ஒண்ணு காய்ச்சி வடிச்ச தண்ணி."

குழாய்த் தண்ணி என்ற சொல்லைக் கேட்டதும் சாவியண்ணனுக்குப் பதினைந்து வருடம் ஒரே மடக்கில் திரும்பி வந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். கையில் விதிமுறைத் தாள். "அண்ணே, காய்ச்சி வடிச்ச தண்ணின்னு போட்டிருக்கே?" என்று கேட்டாள். தண்ணீர் வடிக்கும் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. புதிது கேட்டு எழுத வேண்டும். மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று அவரே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். "குழாய்லயே பிடிச்சு ஊத்தும்மா. தண்ணி தண்ணிதானே. குமிழுக்கென்ன தாகமா எடுக்குது?" என்று சொல்லிவிட்டார். அவர் பெரியவர், அவள் புதியவள். ஊற்றினாள். பதினான்கு மாதம் கழித்து இயந்திரம் வந்ததும் வடித்த தண்ணீர்க் கேனை ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் கையில் கொடுத்தார். அதோடு அவர் அதை மறந்துபோனார்.

"வெப்பமானியா? இல்லையேம்மா" என்றார் சாவியண்ணன்.

அவள் அலமாரியை ஒருமுறை பார்த்தாள். மூன்றாவது தட்டில், பஞ்சுக்குள், இரண்டு இருந்தன. அவள் கண்ணில் பட்டதோ இல்லையோ, "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

டீ போட உட்கார்ந்தவர் கெட்டிலின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவம், கரண்டியால் சுரண்டினால் ஏடாகப் பெயர்ந்தது. அந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் அப்படி. கெட்டிலின் அடியிலேயே இப்படிப் படியுமானால், மாதக்கணக்கில் ஒரு மெல்லிய துணியில் எவ்வளவு படிந்திருக்கும்? உப்பேறிய துணி சரியாகக் காயாது; குமிழ் சரியாகக் குளிராது; காற்று உள்ளதைவிட ஈரமாகத் தெரியும். படிக்காத அவருக்கே அது விளங்கியது. பதினான்கு மாதம் பொய்யான ஈரம், பிறகு நிஜமான ஈரம். வரிசையாக வைத்துப் பார்ப்பவர்களுக்குக் காற்று காய்ந்துவிட்டதுபோலத்தான் இருக்கும். அவர் அன்று டீ குடிக்கவில்லை.

மறுநாள் காலை எட்டக்கா வந்தபோது பதிவேட்டின் மேல் ஒரு வெப்பமானி பஞ்சோடு இருந்தது. "தேடினேன், கிடைச்சுது" என்றார் சாவியண்ணன். "நல்லா தேடினீங்க" என்றாள் அவள்.

பேராசிரியரிடம் அவள் ரம்பப் படத்தைக் காட்டியபோது சாவியண்ணன் அந்த அறையின் மின்விசிறிக்கு ஆள் கூட்டிவந்திருந்தார். பேராசிரியர் படத்தை வெகுநேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது நிஜம்னா என் கட்டுரையும் போச்சு."

"முழுசாப் போகாது மேடம். பாதி போகும்."

"எட்டுல நாலுன்னு சொல்லிடாதீங்க, கோவம் வந்துடும்." பிறகு சிரிக்காமல் சொன்னார். "கேளுங்க. எட்டு வாரம் இருக்கு. ஒரு மாசம் துணி வச்சுச் சோதிக்கணும், அப்புறம் கணக்கு, அப்புறம் எழுதணும். முடியலேன்னா அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் மையத்துக்கு உங்க வயசு தாண்டிடும். மாத சராசரியை வச்சே எழுதிக் கொடுத்தா யாரும் கண்டுபிடிக்கமாட்டாங்க. இத்தனை வருஷம் நானே கண்டுபிடிக்கல."

"தெரியும் மேடம்."

பேராசிரியர் படத்தை அவளிடமே திருப்பி நீட்டினார். "அப்ப துணியை ஊறப்போடுங்க. பத்திரிகைக்கு நான் கடிதம் எழுதிடறேன்" என்றார்.

கிடங்கின் ஃப்ரிட்ஜைப் பார்க்க அந்த வாரம் வந்த கணவன், அதன் முதுகைக் கழற்றிக்கொண்டே சாவியண்ணனிடம் புலம்பினான். "நாலு வருஷம் தூக்கம் முழிச்சுப் படிச்சது எதுக்குண்ணே? யாருக்கும் தெரியாதுன்னு அவளே சொல்றா. அப்புறம் என்னடீன்னா, 'எனக்குத் தெரிஞ்சுபோச்சே'ங்கறா. இதுக்கு நான் என்ன பதில் சொல்ல? ஃப்ரிட்ஜ்னாகூட கேஸ் போச்சுன்னு சொல்லலாம்." திருகாணியை வாயில் கவ்விக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். "ஆனா ஒண்ணுண்ணே. அந்தச் சின்னப் புட்டி ரெண்டும் நல்லா நிக்க மாட்டேங்குதாம். தாங்கி ஒண்ணு பண்ணிக் கொண்டாந்திருக்கேன்." பையிலிருந்து தகரத்தில் வளைத்த தாங்கியை எடுத்து மேஜையில் வைத்தான். அளவு கச்சிதமாக இருந்தது.

முப்பது நாள், நாளுக்கு இரண்டு வேளை. ஒரு புட்டியில் குழாய்த் தண்ணீர், ஒரு புட்டியில் வடித்த தண்ணீர். இரண்டையும் சாவியண்ணன்தான் நிரப்பிக் கொடுத்தார். முதல் வாரம் இரண்டு வெப்பமானிகளும் ஒன்றையே காட்டின. அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி. பத்தாம் நாள் அவள் ஜன்னலருகே வந்து, "அண்ணே, பத்துல ரெண்டு" என்றாள். டிகிரியில் பத்தில் இரண்டு பங்கு வித்தியாசம். பதினாறாம் நாள், "பத்துல அஞ்சு." இருபத்திரண்டாம் நாள், "பத்துல எட்டு." ஒவ்வொரு முறையும் அடுத்த வாக்கியம் வரும் என்று அவர் காத்திருந்தார். "நீங்கதானே அண்ணே சொன்னீங்க" என்று ஒரு வரி. ஒரு கிண்டலாகவாவது. அவள் எண்ணைச் சொல்லுவாள், போய்விடுவாள். மறந்துவிட்டாளோ என்று பார்த்தார். ஒன்பதே காலுக்கு வந்தால் ஒன்பதே கால் என்று எழுதுகிறவள் எதை மறப்பாள்?

முப்பதாம் நாள் வித்தியாசம் ஒரு டிகிரியைத் தொட்டது. குழாய்த் தண்ணீர்த் துணி விறைத்து, ஓரங்களில் வெள்ளை பூத்திருந்தது. அதை அவள் ஒரு சிறு தட்டில் வைத்து மூடி அறிக்கையோடு சேர்க்கக் கொண்டுபோனாள். கண்ணாடி இரண்டு நாள் அவள் வீட்டிலேயே தங்கித் தட்டச்சு செய்தாள். கடைசி நாளுக்கு முந்தைய நாள் அறிக்கை போய்ச் சேர்ந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு முன்னறிவிப்பு மையத்தின் மூத்த அதிகாரி ஒருவர் வெளித்தேர்வாளராக வந்தார். நிதானமாகப் பேசுகிறவர். ஆள் எடுக்கும் குழுவிலும் அவர் இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். படம் காட்டும் கருவியை இயக்குவதற்காகச் சாவியண்ணன் சுவரோரம் நின்றார். சாவிகள் சத்தம் போடாமலிருக்க வளையத்தை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

எட்டக்கா பேசி முடித்தாள். ரம்பம், துணி, முப்பது நாள், திருத்திய கோடு. காற்று காய்ந்துகொண்டுதான் வருகிறது. ஆனால் சொன்னதில் பாதி வேகத்தில்.

"நல்ல வேலை" என்றார் அதிகாரி. "ஒரு சந்தேகம். விதிமுறைத் தாள்ல வடிச்ச தண்ணின்னு இருக்கு. ஏன் குழாய்த் தண்ணி?"

"நான்தான் ஊத்தினேன் சார்."

"அது அறிக்கையிலேயே இருக்கு. ஏன்னு கேக்கறேன். வடிச்ச தண்ணி கிடைக்கலையா? யாராவது அப்படிச் செய்யச் சொன்னாங்களா?"

சாவியண்ணனின் உள்ளங்கையில் சாவிகளின் பல் பதிந்தது.

"நான்தான் ஊத்தினேன் சார்" என்றாள் எட்டக்கா மறுபடியும்.

அதிகாரி பேனாவை மூடினார். கோபமாகச் சொல்லவில்லை. "இதைத் தெரிஞ்சுக்குங்க. பொருள் தட்டுப்பாடுன்னா அது நிர்வாகக் குறை. அளவெடுக்கிறவரின் அலட்சியம்னா அது வேற. எங்க மையத்துல ரெண்டையும் ஒரே மாதிரி படிக்கமாட்டோம். இறுதிப் பிரதி கொடுக்க ஒரு வாரம் இருக்கு. காரணம்ங்கற பகுதியில ஒரு வரி கூட்டி எழுதலாம்னா எழுதுங்க. அதைப் பாத்துட்டுத்தான் நான் மதிப்பெண் போடுவேன்."

அன்று மாலை சாவியண்ணன் பேராசிரியரின் அறைக்குப் போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பழுதான இயந்திரம், எழுதாத கடிதம், "தண்ணி தண்ணிதானே" என்று தான் சொன்ன வார்த்தை, வெப்பமானி இல்லை என்று சொன்ன பொய் வரைக்கும். சொல்லி முடித்ததும், முப்பது வருட வேலையில் முதல்முறையாக, கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எழுதிக் கொடுப்பீங்களா?" என்றார் பேராசிரியர்.

அங்கேயே அரைப்பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவருடைய கையெழுத்து நல்ல கையெழுத்து. அன்று கொஞ்சம் கோணலாக வந்தது. மறுநாள் பேராசிரியர் எட்டக்காவைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கொடுத்தார்.

"அவரே ஒத்துக்கிட்டார். நீங்க யாரையும் காட்டிக்கொடுக்கறதா இல்ல. இதை அப்படியே பின்னிணைப்பாச் சேத்து, உள்ள ஒரு வரி போடுங்க. விஷயம் முடிஞ்சுது."

எட்டக்கா நின்றபடியே இரண்டுமுறை படித்தாள். "சரியா எழுதியிருக்கார்" என்றாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

பிறகு அவள் செய்ததற்காக அவளை எளிதாகப் புகழ்ந்துவிடலாம். நேர்மை என்று ஒரு சொல், தியாகம் என்று ஒரு சொல், போதும். ஆனால் அந்த இரண்டு சொற்களும் இங்கே சரியாகப் பொருந்தவில்லை. காப்பாற்றப்பட வேண்டியவர் தானே முன்வந்து சொல்லிவிட்ட பிறகு அங்கே தியாகத்துக்கு வேலையில்லை. நேர்மை என்று பார்த்தால், ஒரு எண்ணின் பத்தில் ஒரு பங்கைக்கூட விடாதவள், நடந்ததில் பாதியை எழுதாமல் விடுவாளா? பதிவேட்டில் அவள் எழுதிய பத்தாயிரத்துச் சொச்சம் எண்களிலும் எதையும் மறைத்தவளில்லை. புகழவேண்டியது எதை என்று தெரியாமலே புகழத் தோன்றுகிற மனிதர்கள் சிலர் உண்டு. சாவியண்ணனுக்கு அவள் அப்படித்தான் ஆனாள்.

முன்னறிவிப்பு மையத்தின் பட்டியல் இரண்டு மாதம் கழித்து வந்தது. பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது பெயர் அவளுடையது. பக்கத்தில் ஒரு குறிப்பு: முதல் ஆறு மாதம் கருவிகள் பிரிவில், மேற்பார்வையில். "துணி மாத்தற வேலையாத்தான் இருக்கும்" என்று கணவன் சொல்லிச் சிரித்தான். சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். கண்ணாடிக்கு அந்தப் பட்டியலில் இரண்டாம் இடம்.

ஆனால் பட்டியலுக்கு முன்னால், அந்த ஒரு வாரத்தின் கடைசி நாள் இருக்கிறது. அன்று காலை எட்டக்கா பைண்டு செய்த இறுதிப் பிரதியை அலுவலகத்தில் கொடுத்தாள். ஒரு பிரதி துறை நூலகத்துக்கு வந்தது. நூலக அலமாரியின் சாவியும் சாவியண்ணனிடம்தான். மதியம் கதவைத் திறந்து, உள்ளே தனியாக நின்று, நாற்பத்தேழாம் பக்கத்தைப் புரட்டினார். பின்னிணைப்பில் அவருடைய தாள் இல்லை. காரணம் என்ற தலைப்பின்கீழ் பழைய ஒற்றை வரிதான் இருந்தது. 'அளவெடுத்தவர் குழாய்த் தண்ணீரை ஊற்றினார்.' ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.

மாலை ஐந்தரை அளவை முடித்துவிட்டு அவள் கிடங்குக்கு வந்தாள். கடன் வாங்கிய வெப்பமானியைப் பஞ்சில் சுற்றி மேஜையில் வைத்தாள். அதன் அடியில், மடித்த மடிப்பு கலையாமல், அவருடைய அரைப்பக்கத் தாள்.

"ஏம்மா?" என்றார் சாவியண்ணன்.

"உடையாம இருக்கான்னு பாத்து எடுத்து வச்சுக்குங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு, எட்டக்கா பதிவேட்டை மூடிக் கிளம்பினாள்.